வள்ளத்தின் எஞ்சின் புளொக்கில் வெடிப்பு: திருத்துவதா, மாற்றுவதா?

மயிலிட்டி வள்ளம் எழுதியது:

வணக்கம். எங்களுடையது 28 அடி நீளமான, ஒருநாள் தொழிலுக்குச் சென்றுவரும் கண்ணாடியிழை வள்ளம். உள்ளே நான்கு சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மயிலிட்டித் துறைமுகம் மீளக் கையளிக்கப்பட்ட பின்னர், அப்பா தன் சேமிப்பையும் அம்மாவின் நகையையும் சேர்த்து இதை வாங்கினார். எஞ்சின் யப்பானில் பாவிக்கப்பட்டு இறக்குமதியானது. உள்ளே நன்னீர் சுற்றிவர, அந்த நீரை வெப்பமாற்றியில் கடல்நீர் குளிர்விக்கும் வகை அது.

கடந்த வாரம் கரை திரும்பும் வழியில் வெப்பமானி சிவப்புக்கு ஏறியது. எஞ்சினை நிறுத்தித் தம்பி குதித்துப் பார்த்தபோது, கடல்நீர் உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டோம். பிறகு நான் செய்ததுதான் பிழை என்று இப்போது விளங்குகிறது. வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்ததால் பொறுமையிழந்து, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, குடிக்க வைத்திருந்த குளிர்ந்த தண்ணீரை இரண்டு கான் அளவுக்குக் கொதித்த எஞ்சினுக்குள் ஊற்றினேன். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சினை இயக்கி மெதுவாகக் கரை சேர்ந்தோம்.

மறுநாள் பார்த்தால், புகைக்குழாய்ப் பக்கத்தில், சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பு உடலான புளொக்கின் வெளிச்சுவரில், கிடையாக 11 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மயிரிழை போன்ற வெடிப்பு. எஞ்சின் சூடானதும் அந்த வெடிப்பு வழியே நீர் கசிகிறது. ஒயில் அளவுகோலை இழுத்தால் ஒயில் பால்தேநீர் நிறத்தில் வருகிறது. ஒருவர் வெல்டிங் செய்தால் இரண்டு மணித்தியாலத்தில் முடியும் என்கிறார். இன்னொருவர் பசை பூசினால் போதும் என்கிறார். மூன்றாமவர் புளொக் முடிந்தது, கொழும்பில் வேறு எஞ்சின் எடு என்கிறார். வீட்டின் முழு வருமானமும் இந்த வள்ளத்தில் இருப்பதால், அனுபவம் உள்ளவர்கள் அறிவுரை தரும்படி பணிவுடன் கேட்கிறேன்.

குருநகர் மெக்கானிக் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள். இதை வாசித்து முடிப்பதற்கு முன்பே அந்த ஒயிலை வடித்துவிடுங்கள். நீர் கலந்த ஒயில் எஞ்சினுக்குள் நிற்கும் ஒவ்வொரு நாளும் கிராங் எனும் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்குகளும் சிலிண்டர் சுவரும் துருவேறிக்கொண்டிருக்கும். புளொக் பிழைத்தாலும் கிராங் போய்விட்டால் பயனில்லை. வடித்த ஒயிலில் ஒரு போத்தலை மட்டும் எடுத்து வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது. எஞ்சினுக்குள் டீசலும் மலிவான ஒயிலும் கலந்து ஊற்றி, இயக்காமல் கையால் கிராங்கைப் பல தடவை சுழற்றி, மீண்டும் வடித்துவிட்டுப் புதிய ஒயிலால் நிரப்புங்கள்.

இனி வெடிப்பைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறீர்கள். வெளிச்சுவரில் வெடிப்பு இருக்கிறது என்பது ஒன்று, ஒயிலில் நீர் இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே காயத்தால் வந்தவை என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வெளிச்சுவரில் உள்ள வெடிப்பு நீரை வெளியே, எஞ்சின் அறைக்குள்தான் விடும், ஒயிலுக்குள் விடாது. ஒயிலில் நீர் சேர்ந்தால் அது ஹெட் கஸ்கெட்டால் (புளொக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) வரலாம், வெடித்த ஹெட்டால் வரலாம், ஒயிலை நீரால் குளிர்விக்கும் ஒயில் கூலரால் வரலாம், சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் அடிவளையத்தால் வரலாம், அல்லது புளொக்குக்குள்ளேயே நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வெடிப்பால் வரலாம். அது எது என்று தெரியாமல் வெல்டிங்குக்கோ புதிய எஞ்சினுக்கோ ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

எடுத்து வைத்த போத்தலை ஒருநாள் அசையாமல் வையுங்கள். ஓரளவு நீர் அடியில் பிரியும். அதில் ஒரு கரண்டியை எடுத்து நெருப்பில் வற்ற வையுங்கள். வெள்ளையாக உப்புப் படிந்து நின்றால் கடல்நீர் எங்கோ உள்ளே வருகிறது. அப்படியானால் நீர் சுற்றும் புகைக்குழாய்ப் பெட்டியையும் கடல்நீர்ப் பக்கத்தையும் சோதிக்கவேண்டும். உப்புப் படியாவிட்டால் உள்சுற்று நீர்தான் ஒயிலில் கலந்திருக்கிறது. அடுத்து, நீர் ஊற்றும் தாங்கியைத் திறந்து பாருங்கள். நீரின் மேலே ஒயில் படலம் மிதந்தால் ஒயில் கூலர் மீது எனக்குச் சந்தேகம் கூடும். எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிட அதிகம், ஆகவே ஒயில் நீருக்குள் போகும். நிறுத்தியபின் ஒயில் அழுத்தம் இறங்கிவிடும், சூடான நீரின் அழுத்தமோ சிறிது நேரம் நிற்கும், அப்போது நீர் ஒயிலுக்குள் வரும். இரண்டு பக்கமும் கலந்திருந்தால் அது பெரும்பாலும் கூலரின் வேலை.

வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிய, அந்த இடத்தின் நிறத்தைச் சுரண்டி, நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசிக் கால் மணித்தியாலம் விடுங்கள். பிறகு உலரத் துடைத்துவிட்டு, சோக்கட்டியை உரசிப் பொடியாகத் தடவுங்கள். வெடிப்புக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளைப் பொடியில் கறுத்த கோடாகத் தெரியும். கண்ணுக்கு 11 சென்ரிமீற்றராகத் தெரிந்தது பொடியில் 14 ஆகத் தெரிந்தால் ஆச்சரியப்படவேண்டாம். அந்தக் கோடு மேலே ஹெட் போல்ட் துளையை நோக்கிப் போகிறதா, கீழே கிராங் தாங்கும் பகுதியை நோக்கிப் போகிறதா என்பதை எனக்குச் சொல்லுங்கள். கீழே போனால் நான் அந்தப் புளொக்கைத் தொடமாட்டேன்.

தீவகன் எழுதியது:

குறிகட்டுவானிலிருந்து பயணிகள் படகு ஓட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெடித்த புளொக்கைத் திருத்தி மனிதரை ஏற்றும் படகில் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நயினாதீவுக்குப் போகும் குறுகிய தூரத்தில் எஞ்சின் நின்றால்கூட, காற்றும் நீரோட்டமும் படகை எங்கே கொண்டுபோகும் என்பது ஓட்டுபவருக்குத்தான் தெரியும். நெடுந்தீவுப் பக்கம் சோளகக் காலத்தில் எஞ்சின் இல்லாமல் மிதப்பது என்னவென்று அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். மயிலிட்டித் தம்பியின் வள்ளம் பயணிகள் படகு அல்ல என்பதை அறிவேன். ஆனாலும் அதில் அப்பாவும் தம்பியும் போகிறார்கள். கடன்பட்டாவது எஞ்சினை மாற்றுங்கள் என்பதே என் கருத்து.

பனிநாட்டிலிருந்து எழுதியது:

நான் அரியாலையில் பிறந்து, இப்போது நோர்வேயில் படகு எஞ்சின் திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறேன். இங்கே நாங்கள் காணும் வெடித்த புளொக்குகளில் மிகப் பெரும்பாலானவை பனியால் வெடித்தவை. குளிர்காலத்துக்கு முன் நீரை வடிக்க மறந்தால், நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 வீதம் கூடுகிறது. இரும்புச் சுவருக்கு அதைத் தாங்கும் நெகிழ்வு இல்லை. புளொக்கின் பக்கத்தில் தெரியும் வட்டமான தகட்டு மூடிகள் பனிக்காகவே வைக்கப்பட்டவை என்று பலர் நம்புகிறார்கள். அவை உண்மையில் வார்ப்பின்போது உள்ளிருந்த மணலை வெளியேற்ற விடப்பட்ட துளைகளை மூடுபவை. சிலவேளை பனி அவற்றைத் தள்ளிவிடும், சிலவேளை அவை அப்படியே இருக்கச் சுவர் வெடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் நீர் உறையாது என்பதால் இது உங்களுக்குத் தேவையற்ற செய்தி என்று நினைக்கவேண்டாம். யப்பானின் வடபகுதியில் கடும்பனி பெய்யும். அங்கிருந்து பாவித்து வரும் எஞ்சின் ஒன்றை வாங்கினால், அது ஏற்கெனவே ஒரு குளிர்காலத்தில் வெடித்து, பசை பூசி, நிறம் அடித்து அனுப்பப்பட்டதாகவும் இருக்கலாம். தீவக அண்ணாவின் கவலையை மதிக்கிறேன். ஆனால் பாவித்த எஞ்சினை மாற்றி வைப்பதாலேயே ஒருவர் பாதுகாப்பாகிவிடமாட்டார்.

இனி வெல்டிங்கைப் பற்றி. உங்கள் புளொக் சாம்பல் வார்ப்பிரும்பு. அதில் 2.5 முதல் 4 வீதம் வரை கரிமம் இருக்கிறது, அதன் பெரும்பகுதி மெல்லிய செதில்களாக இரும்புக்குள் படிந்திருக்கிறது. அந்தச் செதில்கள்தான் எஞ்சினின் அதிர்வை உள்வாங்குகின்றன, அவையே இழுவைக்கு முன் அதை நொய்மையாக்கவும் செய்கின்றன. அமுக்கினால் தாங்கும் வார்ப்பிரும்பு, இழுத்தால் அதில் மூன்றிலொரு பங்குச் சுமையைக்கூடத் தாங்காமல் உடையும். மென்னிரும்புக் குச்சியால் குளிர்ந்த புளொக்கில் வெல்டிங் செய்தால், உருகிய இடத்தை அடுத்துள்ள பகுதி சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் கடினமாகிவிடும். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கி இழுக்கும், இழுத்தால் பக்கத்தில் புதிய வெடிப்பு பிறக்கும். வெல்டிங் அழகாகத் தெரியும், அதற்கு 5 மில்லிமீற்றர் தள்ளி ஒரு புதிய கோடும் தெரியும். நீங்கள் குளிர்ந்த நீர் ஊற்றியபோது நடந்ததும் இதன் இன்னொரு வடிவம்தான். 50 சென்ரிமீற்றர் நீளமான வார்ப்பிரும்பு 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் நீளும். ஒரு பக்கம் நீண்டபடியே இருக்க, மறுபக்கம் நொடியில் சுருங்கினால் எதோ ஓரிடம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

முறையாக ஒட்டவேண்டுமானால் முழுப் புளொக்கையும் 500 முதல் 650 பாகை வரை சூளையில் ஏற்றி, அந்தச் சூட்டிலேயே வார்ப்பிரும்புக் குச்சியால் ஒட்டி, ஒருநாளுக்கு மேல் எடுத்து மெல்ல மெல்ல ஆறவிடவேண்டும். அதன்பின் சிலிண்டர்களும் மேற்தளமும் வளைந்திருக்கும், அவற்றை மீண்டும் கடைந்து நேராக்கவேண்டும். சூடேற்றாமல் நிக்கல் குச்சியால் ஒட்டும் முறையும் உண்டு. 55 வீத நிக்கல் கொண்டதும், ஏறத்தாழ முழுவதும் நிக்கலானதும் என இரண்டு வகைக் குச்சிகள் இருக்கின்றன. வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு நிறுத்தி, ஒரு தடவையில் 2 அல்லது 3 சென்ரிமீற்றருக்கு மேல் ஓட்டாமல், உடனே சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி, கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறியபின்பே அடுத்த துண்டை ஓட்டவேண்டும். 11 சென்ரிமீற்றரை இரண்டு மணித்தியாலத்தில் முடிப்பேன் என்பவர் இதைச் செய்யப்போவதில்லை.

என்னுடைய தெரிவு தையல். நெருப்பே இல்லாமல், வெடிப்பின் மேலே துளையிட்டு, மரை வெட்டி, திருகாணி போன்ற சிறு தண்டுகளை இறுக்கி, ஒவ்வொன்றும் முன்னதன் ஓரத்தைக் கடித்தபடி வரிசையாக அமையும்படி முழு நீளத்தையும் மூடுவது. பெரிய கப்பல் எஞ்சின்களையே கழற்றாமல் இப்படித் தைக்கிறார்கள்.

மயிலிட்டி வள்ளம் எழுதியது:

மெக்கானிக் ஐயா சொன்னபடி எல்லாம் செய்தேன். கரண்டியில் உப்பு நிற்கவில்லை, ஆனால் சுண்ணாம்பு போன்ற மெல்லிய வெண்படலம் நின்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உவர்ப்பில்லை. தாங்கியில் நீரின் மேலே ஒயில் மிதக்கிறது. சோக் பொடியில் கோடு 13 சென்ரிமீற்றர் தெரிந்தது. ஒரு முனை மேல்நோக்கித் திரும்பி ஹெட் போல்ட் துளைக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. கீழ்நோக்கி எதுவும் போகவில்லை.

இன்னொரு கேள்வி. நாங்கள் எப்போதும் வீட்டுக் கிணற்று நீரையே உள்ளே ஊற்றி வந்தோம். அது பிழையா?

குருநகர் மெக்கானிக் எழுதியது:

பிழைதான் தம்பி. இதை எல்லோரும் வாசிக்கவேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். நம் கிணற்று நீர் அந்தக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளை ஓட்டை ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். அதே ஓடு எஞ்சினின் நீர்ப்பாதையிலும் வெப்பமாற்றியின் குழாய்களிலும் படிகிறது. இரும்பு வெப்பத்தை நீருக்குக் கொடுப்பதை அந்த ஓடு தடுக்கும். வெப்பமானி நீரின் சூட்டைத்தான் காட்டும், ஓட்டுக்குப் பின்னால் இரும்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைக் காட்டாது. உங்கள் எஞ்சின் பிளாஸ்டிக் பை ஒட்டியதால் மட்டும் கொதிக்கவில்லை, பல வருடங்களாகவே சூட்டோடு ஓடியிருக்கும். வடிகட்டிய நீரோ சுத்தமாகப் பிடித்த மழைநீரோ எடுத்து, எஞ்சினுக்குரிய குளிர்விப்புத் திரவத்தை அதன் அளவுப்படி கலந்து ஊற்றுங்கள். துருவைத் தடுப்பது அந்தத் திரவத்தின் பாதி வேலை.

கோடு கீழே போகாதது பெரிய ஆறுதல். ஹெட் போல்ட் துளைக்குக் கீழே நிற்பதுதான் கவனிக்கவேண்டியது, ஏனெனில் அந்தப் போல்ட்டை இறுக்கும்போது அந்த இடம் மேல்நோக்கி இழுபடும். போல்ட் துளைக்குள் ஒயிலோ நீரோ தேங்கி நிற்க, அதன்மேல் போல்ட்டை இறுக்குவதாலேயே வெடித்த புளொக்குகளை நான் கண்டிருக்கிறேன். திரவம் அமுங்காது, சுவர்தான் விலகும். கழற்றும்போது ஒவ்வொரு துளையையும் காற்றடித்து உலர வையுங்கள்.

அடுத்த வேலை அழுத்தச் சோதனை. எஞ்சினை இறக்கி, ஹெட்டைக் கழற்றி, நீர்ப்பாதைகளை இறப்பர் வைத்துத் தகட்டால் மூடி, சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்று ஏற்றி, சவர்க்கார நீர் பூசுங்கள். குளிர்ந்த நிலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி மீண்டும் பாருங்கள். சில வெடிப்புகள் சூட்டில்தான் வாய் திறக்கும். ஒயில் கூலரைத் தனியாகக் கழற்றி, அதற்கும் காற்றேற்றி நீரில் அமிழ்த்துங்கள்.

காரைக் கடை எழுதியது:

எஞ்சினை மாற்றும் யோசனை இருந்தால் என் அனுபவத்தையும் கேளுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில், திருத்தி நிறமடித்த எஞ்சின் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் இயக்கிக் காட்டினார், சத்தம் நன்றாக இருந்தது. லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, வள்ளத்தில் இறக்கி, மூன்றாம் வாரத்தில் நீர் குறைய ஆரம்பித்தது. நிறத்தைச் சுரண்டியபோது பக்கச் சுவரில் முழங்கை நீளத்துக்குப் பசை. பனிநாட்டுத் தம்பி சொன்னது எனக்கு நேர்ந்தது. ஆகவே வாங்குபவர்கள் ஒரு சோக்கட்டியும் சிறு போத்தலில் மண்ணெண்ணெயும் கையோடு கொண்டுபோங்கள். சோதிக்க விடாத கடையில் வாங்கவேண்டாம்.

இன்னொரு விடயம், எஞ்சினை மாற்றுவது என்றால் எஞ்சினின் விலை மட்டும் அல்ல. கியர்பொக்ஸோடு பொருந்தும் வாய், தாங்கு கால்களின் இடைவெளி, புகைக்குழாய், கடல்நீர்ப் பம்பி, எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். லொறி எஞ்சின் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் புகைக்குழாய்ப் பெட்டியில் நீர் சுற்றாது, அப்படியே எஞ்சின் அறைக்குள் வைத்தால் பக்கத்திலுள்ள பலகை கருகும். புரொப்பெலரைச் சுழற்றும் ஷாப்டை எஞ்சினோடு நேராக்கும் வேலையை வள்ளம் மேட்டில் நிற்கும்போது முடித்துவிட்டதாக எண்ணவேண்டாம். கடலில் இறங்கி ஓரிரு நாள் மிதந்தபின் உடல் சற்று மாறும், அப்போது இணைப்புத் தட்டுகளின் இடைவெளியை மீண்டும் அளவுத் தகட்டால் பார்க்கவேண்டும். நான்கு அங்குலத் தட்டில் 0.1 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கியர்பொக்ஸின் ஒயில் சீல் நிலைக்காது. வலு கூடிய எஞ்சினைப் பழைய புரொப்பெலரோடு ஓட்டினாலும் பொருந்தாது. முடிவில், படகுப் பதிவில் எஞ்சின் இலக்கம் இருக்குமானால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள், கடலில் சோதனைக்கு நிறுத்தும்போது தொல்லை வராது.

பழைய லேத் எழுதியது:

எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது, பேரன் தட்டச்சு செய்கிறான். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது மாற்றுவதா திருத்துவதா என்ற கேள்வியே எழவில்லை. உதிரிப்பாகம் வராது, பற்றரி வராது, டீசல் வராது. மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடிய காலம். வெடித்த புளொக்கைக் கொண்டுவந்து தருபவரின் முகத்தைப் பார்த்தால், திருத்த முடியாது என்று சொல்ல மனம் வராது. சிரட்டைக்கரியைக் குவித்துப் புளொக்கைச் சுற்றி மூட்டி, நிறம் மங்கிய சிவப்பாகும்வரை ஊதி, பழைய பிஸ்ரன் வளையங்களையே குச்சியாக வைத்து வாயுச் சுவாலையால் ஒட்டினோம். பிஸ்ரன் வளையமும் நல்ல வார்ப்பிரும்பு என்பதால் அது பொருந்தியது. பிறகு உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து இரண்டு நாள் தொடவே மாட்டோம். இடையில் மழை தூறினால், வீட்டிலுள்ள தகரமெல்லாம் அதற்கு மேல்தான். சில புளொக்குகள் பல வருடம் ஓடின, சில சாம்பலைக் கிளறும்போதே வெடித்திருந்தன. வெடித்ததைச் சொந்தக்காரரிடம் எடுத்துக் கொடுத்த நாட்களை நான் மறக்கவில்லை.

ஆகவே இன்று எனக்கு நெருப்பில் விருப்பம் இல்லை. பனிநாட்டுத் தம்பி சொல்லும் தையலை நாங்களும் செய்தோம், அவர்கள் நாட்டுத் தண்டுகள் இல்லாமலே செய்தோம். 6 மில்லிமீற்றர் மரை வெட்டி, மென்னிரும்புத் தண்டை இறுக்கி, அரமிட்டு, அதன் ஓரத்தில் மூன்றிலொரு பங்கு விழும்படி அடுத்த துளையிடுவோம். சாதாரண மரை ஆப்புப்போல் வெடிப்பை விரிக்கும் என்பதால் அளவுக்கு மேல் இறுக்கக்கூடாது. இரு முனையிலும் வெடிப்பு முடிந்த இடத்துக்கு அப்பால் ஒரு தண்டு வைக்கவேண்டும். மயிலிட்டிப் பிள்ளைக்கு விருப்பமானால் நான் பக்கத்தில் இருந்து காட்டித் தருவேன். கண் முன்போல் இல்லை, ஆனால் துளை எங்கே விழவேண்டும் என்று விரலுக்குத் தெரியும்.

பாசையூர் எழுதியது:

இதையொட்டி ஒரு கேள்வி. என்னுடையது வெளியே பூட்டும் 25 குதிரைவலு எஞ்சின். அதன் புளொக்கிலும் வெடிப்பு இருக்கிறது. இதே முறையில் தைக்கலாமா?

பனிநாட்டிலிருந்து எழுதியது:

அது அலுமினியம், ஆகவே மேலே எழுதியவை அதற்குப் பொருந்தா. அலுமினியம் சுமார் 660 பாகையில் உருகும், சிவக்காமலே திடீரென்று சரிந்துவிடும். வாயுப் பாதுகாப்போடு செய்யும் டிக் வெல்டிங்கால் ஒட்டலாம், ஆனால் ஒயிலும் உப்பும் ஊறிய வார்ப்பில் குமிழ்கள் விழும். சிறிய எஞ்சினுக்கு அந்தச் செலவைவிடப் பாவித்த வேறொரு புளொக்கைத் தேடுவது நல்லது. கடலிலிருந்து வந்ததும் ஒவ்வொரு நாளும் நன்னீரில் ஓடவிட்டுக் கழுவுகிறீர்களா என்பதையும் பாருங்கள். கடனீரேரியில் சேறும் சாதாழையும் நீர்ப்பாதையை அடைத்துவிடும்.

குருநகர் மெக்கானிக் எழுதியது:

பசையைப் பற்றி யாரும் முழுமையாகச் சொல்லவில்லை. உலோகத் தூள் கலந்த இரட்டைப் பசையை நான் வெறுக்கவில்லை. நீர் மட்டும் நிற்கும் வெளிச்சுவரில், அழுத்தம் குறைந்த இடத்தில், தைத்த கோட்டுக்கு மேலே ஒரு மூடலாக அது நன்றாக உதவும். அது தனியே வெடிப்பைத் தாங்கும் என்று நம்புவதுதான் பிழை. இரும்பும் பசையும் சூட்டில் ஒரே அளவாக நீள்வதில்லை. பித்தளையால் பற்றவைப்பதும் உள்சுற்று நன்னீருக்கு ஏற்கலாம், கடல்நீர் நேரே ஓடும் எஞ்சினில் வேண்டாம். கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும், மிஞ்சுவது கடற்பஞ்சுபோல் நொய்ந்த செம்பு.

மயிலிட்டி வள்ளம் எழுதியது:

பன்னிரண்டு நாட்களுக்குப் பின் எழுதுகிறேன்.

எஞ்சினை இறக்கி அழுத்தச் சோதனை செய்தோம். புளொக்குக்குள்ளே குளிரிலும் சூட்டிலும் ஒரு குமிழும் வரவில்லை. வெளிச்சுவர்க் கோட்டில் மட்டும் வந்தது. ஒயில் கூலரை நீரில் அமிழ்த்தியபோது நடுவே இரண்டு குழாய்களிலிருந்து குமிழ்கள் வரிசையாக ஏறின. அதாவது ஒயிலில் நீர் கலந்ததற்கும் புளொக் வெடிப்புக்கும் தொடர்பே இல்லை. இதைத் தெரியாமல் வேறு எஞ்சின் எடுத்துப் பழைய கூலரையே அதில் பூட்டியிருந்தால், அந்த எஞ்சினின் ஒயிலும் பாலாகியிருக்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஹெட் வளைந்திருந்தது, அதைக் கடைந்து நேராக்கினோம். கிராங் பேரிங் ஒன்றில் கறை பிடித்திருந்ததால் முழு வரிசையையும் மாற்றினோம்.

பழைய லேத் ஐயா நான்கு நாள் எங்கள் வளவுக்கு வந்தார். 13 சென்ரிமீற்றருக்கு 34 தண்டுகள் இறங்கின. முதல் ஆறையும் அவர் இறக்கினார், மீதியை என்னைக்கொண்டு இறக்குவித்தார். ஒவ்வொன்றையும் இறக்கியபின் நகத்தால் தடவிப் பார்த்துத்தான் அடுத்ததற்கு விட்டார். போல்ட் துளைக்குக் கீழே உள்ள முனையில், கோட்டுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பூட்டுத் தகடும் பதித்தோம். கைக்கூலி என்று நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார். தொழிலுக்குப் போனபின் ஒருநாள் மீன் கொண்டுவா என்றார்.

தீவக அண்ணாவுக்கும் பதில் சொல்லவேண்டும். நீங்கள் சொன்னதை நாங்கள் ஒதுக்கவில்லை. முதல் மாதம் கரை தெரியும் தூரத்துக்கு அப்பால் போவதில்லை என்றும், பக்கத்து வள்ளம் ஒன்றோடு சேர்ந்தே போவது என்றும் முடிவெடுத்திருக்கிறோம். வெப்பம் ஏறினால் சத்தமிடும் எச்சரிக்கை மணியும் பூட்டினோம்.

தீவகன் எழுதியது:

நல்லது தம்பி. உங்கள் இடத்தில் நான் இப்போதும் எஞ்சினை மாற்றியிருப்பேன், அதை மறைக்கவில்லை. ஆனால் உள்ளே காற்றேற்றிச் சோதித்துப் பார்த்த எஞ்சின், சோதிக்காமல் வாங்கும் எஞ்சினைவிட எனக்கும் நம்பிக்கை தருகிறது. கடல்நீர் உறிஞ்சும் வாய்க்குக் கம்பிவலைக் கூடு ஒன்று செய்து பூட்டுங்கள், உள்ளே ஒரு வடிகட்டிக் கிண்ணமும் வையுங்கள். கடலில் பிளாஸ்டிக் குறையப்போவதில்லை.

குருநகர் மெக்கானிக் எழுதியது:

50 மணித்தியாலம் ஓடியபின் ஹெட் போல்ட்டுகளை எஞ்சின் முழுதாக ஆறிய நிலையில், உற்பத்தியாளர் சொன்ன வரிசையிலும் அளவிலும் மீண்டும் இறுக்கத் தேவையா என்று கைந்நூலில் பாருங்கள். கஸ்கெட்டின் வகையைப் பொறுத்து அது வேறுபடும். வெப்பமாற்றியை அரிப்பிலிருந்து காக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டையைக் கழற்றிப் பார்த்தீர்களா? பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். இனி எஞ்சின் கொதித்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம். நிறுத்தி ஆறவிடுங்கள், நங்கூரம் போடுங்கள், பக்கத்து வள்ளத்தை அழையுங்கள்.

மயிலிட்டி வள்ளம் எழுதியது:

துத்தநாகக் கட்டை இருந்த இடத்தில் மரை மட்டுமே மிஞ்சியிருந்தது ஐயா. புதியது பூட்டினோம். கூடும் செய்துவிட்டோம்.

இன்றோடு மூன்றாவது வாரம் தொழிலுக்குப் போய்வருகிறோம். வெப்பமானி நடுவுக்குக் கீழேயே நிற்கிறது, ஒயில் தெளிவாக இருக்கிறது, தாங்கியில் நீர் குறையவில்லை. பழைய லேத் ஐயாவுக்கு நேற்று விளைமீன் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் மீனைப் பார்க்குமுன் கோட்டைப் பற்றித்தான் கேட்டார். தையல் போட்ட இடத்தில் பசையோ நிறமோ பூசாமல் அப்படியே விட்டிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் தம்பி அதன்மேல் சோக் பொடி தடவிவிடுகிறான், காலையில் கைவிளக்கைப் பிடித்துப் பார்க்கிறோம். இன்று காலையும் பொடி உலர்ந்து வெள்ளையாகவே இருந்தது.